படித்துக்கொண்டே இருக்கும் எந்திரம்: முடிந்த கதையா?

ஜூன் 4, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

இணையத்தில் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதியை மொழி மாடல்கள் (கேட்டதற்குப் பதில் எழுதித்தரும் இன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) ஏற்கெனவே படித்து முடித்துவிட்டன. அப்படியிருக்க, கணினி நிறுத்தாமல் நாள்தோறும் இணையத்தைப் படித்துத் தானே அறிவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அந்தப் பழைய ஆராய்ச்சிக்கு இனி என்ன வேலை? முடிந்த கதை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 4, இரவு

மறுக்கிறேன். "படித்து முடித்துவிட்டன" என்கிறீர்களே, முடித்ததுதான் சிக்கலே. ஒரு தேதி வரை உள்ள எழுத்தைப் படித்தார்கள், அதன் பிறகு மாடலின் எடைகள், அதாவது கற்றதையெல்லாம் அது தேக்கிவைத்திருக்கும் எண்கள், உறைந்துவிட்டன. இன்று அதனிடம் ஒரு மணி நேரம் பேசி ஒரு விஷயத்தைப் புரியவைத்தாலும், உரையாடலை மூடியதும் அந்த எடைகளில் ஓர் எண்கூட மாறியிருக்காது. நினைவு வசதி என்று சிலவற்றில் இருப்பது வெளியே எழுதிவைத்த குறிப்பு. அடுத்த முறை அந்தக் குறிப்பையும் சேர்த்துப் படிக்கிறது, அவ்வளவுதான்.

பழைய ஆராய்ச்சி கேட்ட கேள்வி வேறு. நேற்று படித்தது இன்றைய வாசிப்பை மேம்படுத்துகிறதா? தகவல் கூடுவது ஒரு பாதி. வாசிக்கும் திறன் கூடுவது இன்னொரு பாதி. இந்த இரண்டாவது பாதியை யாரும் முடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 5

பெயர் சொல்லாமல் பேசினால் ஆளுக்கொரு கதையை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். நான் சொல்வது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செலின் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட நெல் என்ற நிரலை. (விவசாயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. "முடிவில்லா மொழிக் கற்றல்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.)

அதற்கு முன்பே விதைகள் இருந்தன. 1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஒரு எளிய விஷயத்தைக் காட்டினார். "இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள்" மாதிரியான வாக்கிய அமைப்பைத் தேடினாலே எது எந்த வகை என்பதை ஏராளமாக அள்ளலாம். 1998இல் கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான செர்கே பிரின் வெறும் 5 புத்தகங்களின் பெயரையும் ஆசிரியரையும் கொடுத்துத் தொடங்கினார். அவை இணையத்தில் எந்த அமைப்பில் வருகின்றன என்று பார்த்து, அந்த அமைப்பில் வேறென்ன வருகிறது என்று பார்த்து, இப்படியே சுற்றி 15,000 புத்தகங்களுக்கு மேல் சேர்த்தார். உதாரணத்திலிருந்து அமைப்பு, அமைப்பிலிருந்து புது உதாரணம். முழு யுக்தியும் இதுதான்.

நெல் இதையே நூற்றுக்கணக்கான வகைகளுக்கு ஒரே நேரத்தில் செய்தது. 2010 கட்டுரையின் கணக்குப்படி 123 வகைகள், 55 உறவுகள், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 உதாரணங்கள், படிக்க 50 கோடி இணையப் பக்கங்கள். இதில் புத்திசாலித்தனம் "ஒரே நேரத்தில்" என்பதில் இருக்கிறது. ஒரு வகையைத் தனியாகக் கற்றால் அது எங்கே போனாலும் கேட்க ஆளில்லை. பல வகைகளைச் சேர்த்துக் கற்றால் ஒன்றை ஒன்று மறிக்கும். நகரம் என்றால் அது மனிதராக இருக்கக்கூடாது. "இவர் இந்த ஊரின் மேயர்" என்ற உறவுக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலாவது மனிதர் பட்டியலிலும் இரண்டாவது நகரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். வாக்கியங்களைப் பார்க்கும் ஒரு பகுதி, பக்கங்களில் உள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்க்கும் ஒரு பகுதி, சொல்லின் வடிவத்தை மட்டும் பார்க்கும் ஒரு பகுதி. ஏதாவது ஒரு பகுதி தனியாகவே மிக உறுதியாகச் சொன்னாலோ, பல பகுதிகள் ஒத்துப்போனாலோதான் ஒரு செய்தி நம்பிக்கையாக ஏறும்.

ஜூன் 5, இன்னும் கொஞ்சம்

எண்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் 67 நாட்களில் நெல் 2,42,000க்கு மேல் நம்பிக்கைகளைச் சேர்த்தது. சரிபார்த்ததில் துல்லியம் சுமார் 74 சதவீதம். பலர் இந்த 74ஐ மட்டும்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையில் அதை மூன்று துண்டாகவும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்றில் ஒரு பங்குச் சுற்றுகளில் 90, நடுவில் 71, கடைசியில் 57.

இந்த மூன்று எண்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். படிக்கப் படிக்க மோசமாகியிருக்கிறது. சுலபமானதை முதலில் எடுத்துவிட்டது, மிச்சமிருப்பது கடினமானது என்பது ஒரு காரணம். தன் பழைய தவறுகளை ஆதாரமாக வைத்துப் புதியவற்றைப் படித்தது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது.

ஜூன் 5, தூங்கும் முன்

குக்கி கதை தெரியாதவர்களுக்கு: குக்கி என்றால் ஆங்கிலத்தில் பிஸ்கட். இணையதளங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் சின்னப் பதிவுகளுக்கும் அதே பெயர். நெல், "இணையக் குக்கிகள்" என்ற தொடரைப் பார்த்து, குக்கி என்று இருப்பதால் அடுமனைப் பண்டம் என்று வகைப்படுத்தியது. "என் இணையக் குக்கிகளை அழித்தேன்" என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆகவே "அழித்தேன்" என்ற சொல்லோடு வருவது அடுமனைப் பண்டம் என்று கற்றது. பிறகு "என் கோப்புகளை அழித்தேன்" கண்ணில் பட்டது. கணினிக் கோப்பும் அடுமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

சிரிக்கலாம். ஆனால் ஒவ்வோர் அடியும் அந்த இடத்தில் நின்று பார்த்தால் நியாயமான அடிதான்.

ஜூன் 7

குக்கி கதையை வெறுமனே கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. இதே யுக்தியைத் தமிழ் எழுத்தில் சின்ன அளவில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வகை: உலோகங்கள். விதைகள், அதாவது தொடக்க உதாரணங்கள்: இரும்பு, செம்பு, தங்கம், வெள்ளி, ஈயம். "போன்ற உலோகங்கள்" அமைப்பும், காற்புள்ளி போட்டு வரிசையாக வரும் சொற்களில் ஒன்றிரண்டு தெரிந்தவையாக இருந்தால் மற்றவற்றையும் பரிசீலிக்கும் விதியும் கொடுத்திருந்தேன்.

முதல் சுற்றுகள் அழகாக வந்தன. அலுமினியம், துத்தநாகம், நிக்கல். அப்புறம் ஒலிம்பிக் செய்திகளிலிருந்து "தங்கம், வெள்ளி, வெண்கலம்" வந்தது. வெண்கலம் கலப்பு உலோகம்தான், போகட்டும் என்று விட்டேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெண்கலம் கிடைத்தது பதக்கப் பட்டியலிலிருந்து. விடை ஏறக்குறைய சரி, வந்த வழி தவறு. விடை சரியாக இருந்ததால் அந்த வழிக்கு நிரல் மதிப்பெண் கூட்டியது. "வென்றார்" என்ற சொல்லுக்கு முன்னால் வருவது உலோகம் என்று ஆனது. கொஞ்ச நேரத்தில் கோப்பை, பரிசு, தேர்தல் எல்லாம் உலோகம்.

இன்னொரு பக்கம் வெள்ளி. "செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி" என்ற வரிசையில் அது இருக்கிறதே. மற்ற நான்கும் உள்ளே வந்தன. கோள்களைப் பற்றிய கட்டுரைகள் வழியாக யுரேனஸும் நெப்டியூனும் வந்தன. நாட்களைப் பற்றிய அறிவிப்புகள் வழியாக "சனி, ஞாயிறு மற்றும் அரசு விடுமுறை" வந்தது. அன்று இரவு அரசு விடுமுறை ஓர் உலோகம் என்று என் நிரல் உறுதியாக நம்பியது. துத்தநாகத்தைவிட அதிக மதிப்பெண்ணோடு!

கோள்கள், கிழமைகள், பதக்கங்கள் என்று எதிர் வகைகளைச் சேர்த்து, ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்கக்கூடாது என்று விதித்தேன். விடுமுறை வெளியேறியது, தேர்தல் வெளியேறியது. கூடவே வெள்ளியும் எல்லாப் பட்டியலிலிருந்தும் வெளியேறிவிட்டது. எல்லாவற்றிலும் இருக்கிறது, எல்லாம் ஒன்றையொன்று மறுக்கின்றன, ஆகவே எதிலும் இல்லை. நெல் குழுவுக்கும் இதே தலைவலி இருந்தது. சொல் வேறு, சொல் குறிக்கும் பொருள் வேறு என்று பிரித்துவைக்கும் வேலையை அவர்கள் 2011இல் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டியிருந்தது.

ஜூன் 7, சேர்ப்பு

நிரலுக்குத் தருவதற்கு முன் வேற்றுமை உருபுகளை எல்லாம் வெட்டிவிட்டு வேர்ச்சொல்லை மட்டும் தருவது வழக்கம். நானும் அப்படித்தான் தந்தேன், எல்லோரும் செய்வதுதானே. பிறகு ஒருநாள் வெட்டாத எழுத்தைப் பார்த்தால், "வெள்ளியன்று" நாள், "வெள்ளியால் செய்த" உலோகம், "வெள்ளியின் வளிமண்டலம்" கோள். துப்பு முழுவதும் வால் பகுதியில் இருக்கிறது. சுத்தம் செய்கிறோம் என்று சாட்சியை அழித்துக்கொண்டிருந்தோம். உருபுகளோடு விட்டு மறுபடி ஓட்டியபோது வெள்ளி தானாகவே மூன்றாகப் பிரியத் தொடங்கியது. முழுதாக இல்லை, ஆனால் விடுமுறை திரும்பி வரவில்லை.

ஜூன் 8

கேள்வி கேட்டவர் எழுதுகிறார்: "நீங்கள் சொல்வதெல்லாம் 2010 காலத்துச் சிக்கல். இன்றைய மாடலிடம் வெள்ளியைக் கொடுத்துப் பாருங்கள்."

கொடுத்துப் பார்த்தாயிற்று. அவர் சொல்வது சரி. சொற்களை எண்களாக மாற்றும் முறைகளில், 2013இல் வந்த வேர்டுடூவெக்கில்கூட ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான், மூன்று வெள்ளியும் ஒன்றாகக் குழைந்திருக்கும். 2018இல் எல்மோ, பெர்ட் என்ற மாடல்கள் வந்த பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியத்தைப் பொறுத்து எண்வரிசை மாறுகிறது. குக்கி, கோப்பு, வெள்ளி மாதிரி விபத்துகள் இன்று அநேகமாக நடக்காது. இந்த ஓர் அடியில் பழைய யுக்தி தோற்றது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடமில்லை.

ஆனால் இது வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் சிக்கல். புரிந்த வாக்கியத்தை நம்புவதா என்பது அடுத்த சிக்கல். அது அப்படியே இருக்கிறது.

ஜூன் 11

புளூட்டோவை எடுத்துக்கொள்வோம். 1930இல் கண்டுபிடித்தார்கள். 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்து, அதைக் குறுங்கோள் என்று மாற்றியது. அதற்குள் 76 ஆண்டு எழுத்து "ஒன்பது கோள்கள்" என்று சேர்ந்துவிட்டது. பாடப்புத்தகம், கலைக்களஞ்சியம், வினாடி வினா, எல்லாம்.

ஆகஸ்ட் 25 காலையில் படிக்கிற எந்திரம் என்ன செய்ய வேண்டும்? எண்ணிப் பார்த்து முடிவு செய்கிற எந்திரம் ஒன்பது என்றே சொல்லும், பல ஆண்டுகளுக்கு. ஒரு மனிதருக்கு ஒரே ஒரு செய்தி போதும். ஏனென்றால் அந்தச் செய்தி பழைய லட்சம் வாக்கியங்களை மறுக்கவில்லை, அவற்றின் காலத்தை முடித்துவைக்கிறது என்று அவருக்குத் தெரியும். "யார் சொன்னால் இது செல்லும்" என்பதும் தெரியும். இந்த இரண்டும் வாக்கியத்தின் பொருளில் இல்லை.

நெல்லின் நம்பிக்கைகள் பெரும்பாலும் தேதியில்லாமல் சேமிக்கப்பட்டவை. ஒருவர் ஓர் அணிக்கு ஆடுகிறார் என்றால் எப்போதுமே ஆடுகிறார். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் அங்கே இன்னும் களத்தில்தான் இருப்பார்கள்.

ஜூன் 11, இரவு

"புதியதற்கு அதிக எடை கொடுத்தால் முடிந்தது" என்று இன்னொருவர். முடியாது. கடைசியாக வந்த வதந்தி ஜெயிக்கும். தண்ணீரின் கொதிநிலை பற்றி நேற்று ஒருவர் எழுதியது 200 ஆண்டு இயற்பியலை வெல்லக்கூடாது. ஒரு நாட்டின் பிரதமர் யார் என்பதில் நேற்றைய வரி வென்றாக வேண்டும். ஒரு நதியின் நீளம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. எந்த வகைச் செய்தி எவ்வளவு நாளில் பழசாகும் என்பதே கற்க வேண்டிய ஒரு தனி அறிவு. அதை யாரும் எங்கும் நேரடியாக எழுதிவைப்பதில்லை.

ஜூன் 14

இப்போது எடைகளுக்கு வருகிறேன். "மாடலைத் தினமும் கொஞ்சம் பயிற்றுவித்தால் என்ன?" என்று கேள்வி கேட்டவர் விடாமல் கேட்கிறார். நல்ல கேள்வி, பழைய கேள்வி.

1989இல் மெக்லாஸ்கியும் கோஹெனும் ஒரு சின்ன நரம்பு வலையமைப்புக்கு (எடைகளை மாற்றி மாற்றிக் கற்கும் நிரல், இன்றைய மாடல்களின் மூதாதை) ஒன்றாம் கூட்டல் வாய்ப்பாட்டைக் கற்பித்தார்கள். நன்றாகக் கற்றது. அடுத்து இரண்டாம் வாய்ப்பாட்டைக் கற்பித்தார்கள். அதையும் கற்றது, ஆனால் ஒன்றாம் வாய்ப்பாடு அடியோடு போய்விட்டது. குழந்தைக்கும் மறக்கும், கொஞ்சம் கொஞ்சமாக. இங்கே மறதி ஒரேயடியாக வந்தது. பேரழிவு மறதி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

காரணம் எளிது. அறிவு எதுவும் தனி அறையில் இல்லை. ஒவ்வொரு செய்தியும் எல்லா எடைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கிறது. புதியதற்காக எடைகளைத் தள்ளினால் பழையதும் நகர்கிறது. முக்கியமான எடைகளை மெதுவாக நகர்த்துவது (2017இல் கூகுளின் டீப்மைண்ட் ஆய்வுக் குழு காட்டிய வழி இது), பழைய பாடங்களைப் புதியவற்றோடு கலந்து மறுபடி காட்டுவது என்று வைத்தியங்கள் உண்டு. இரண்டாவது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இன்றைய ஒரு பக்கத்தைக் கற்க நேற்றைய ஆயிரம் பக்கங்களைத் திரும்பப் படிக்க வேண்டும் என்றால், அதைத் "தொடர்ந்து கற்பது" என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஒரே ஒரு செய்தியை மட்டும் குறிபார்த்து மாற்றலாமே? 2022இல் ரோம் என்ற முறையில் அதைச் செய்தார்கள். மாடலுக்குள் குறிப்பிட்ட அடுக்கில் சில எடைகளைத் திருத்தி, ஈபிள் கோபுரம் ரோம் நகரத்தில் இருக்கிறது என்று நம்பவைத்தார்கள். பிரமாதம். அடுத்த ஆண்டே வேறொரு குழு கேட்டது: ஒரு செய்தியை மாற்றினால் அதோடு சேர்ந்து மாற வேண்டியவை மாறுகின்றனவா? பெரும்பாலும் இல்லை. கோபுரம் நாடு மாறியிருந்தால் அங்கே பேசும் மொழி, பக்கத்தில் உள்ள கட்டடம் எல்லாம் மாற வேண்டும். மாடலுக்கு அந்த இழுப்பு இல்லை. நெல் மாதிரி வெளிப்படையான உறவுகளாக வைத்திருந்தால் "கோபுரம் இருக்கும் நகரம்" என்ற ஒரு வரியை மாற்றினாலே போதும், நாடு அந்த நகரத்தின் வழியாகத் தானே வந்துவிடும். இந்த ஓர் இடத்தில் பழசு ஜெயிக்கிறது. கணக்கு ஒன்றுக்கு ஒன்று, கேள்வி கேட்டவர் குறித்துக்கொள்க.

ஜூன் 15

தேடிப் படித்துப் பதில் சொல்லும் முறையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2020இலிருந்து பரவலான வழி இது. எடைகளைத் தொடாமல், கேள்வி வந்ததும் தொடர்புள்ள பக்கங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, அவற்றைப் பார்த்துப் பதில் சொல்வது. நேற்றைய செய்தியும் கிடைக்கும், ஆதாரமும் காட்டலாம், தவறான பக்கத்தை நீக்கினால் தவறும் நீங்கும். தினமும் நானே இதைத்தான் பயன்படுத்துகிறேன், குறை சொல்ல மனம் வரவில்லை.

என் ஒரே புகார்: அது படித்ததால் எதுவும் ஆகவில்லை. அதே பக்கத்தை நாளை மறுபடி முதல் தடவை போலப் படிக்கும். இரண்டு பக்கங்களை அடுத்தடுத்த மாதங்களில் படித்து, "அட, இதுவும் அதுவும் முரண்படுகிறதே" என்று கேட்காமலே கவனிக்கிற ஆள் அங்கே இல்லை. கேள்வி வந்தால்தான் வாசிப்பு.

ஜூன் 15, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கேட்காமலே கவனிப்பது எடைக்குள் கற்ற மாடலுக்கும் வருவதில்லை. 2023இல் ஒரு சோதனை: "இன்னார் இன்னாரின் மகன்" என்ற திசையில் மட்டும் படித்த மாடலிடம், மகன் பெயரைச் சொல்லிக் கேட்டால் தாயின் பெயர் வருகிறது, தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மகன் பெயர் வருவதில்லை. கற்றதைத் திருப்பிப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆக, தேடிப் படிக்கிற முறையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படித்த பிறகு சும்மா உட்கார்ந்து அசைபோடும் பகுதி யாரிடமும் இல்லை. நெல்லில் அது ஒரு மூலையில் இருந்தது. சேர்த்த நம்பிக்கைகளைப் பார்த்து "இப்படி இருந்தால் அப்படியும் இருக்கும்" என்று புது விதிகளை ஊகிக்கும் ஒரு பகுதி. அந்த விதிகளை மனிதர் பார்த்துச் சம்மதித்த பிறகே சேர்த்தார்கள், தனியாக விட பயம்.

ஜூன் 19

திசைமாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இணையம் முழுவதையும் படித்தாலும் கிடைக்காத அறிவு ஒன்று இருக்கிறது. யாரும் எழுதத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த அறிவு.

2013இல் கார்டனும் வான் டர்மும் எண்ணிப் பார்த்துக் காட்டினார்கள். எழுத்தில் ஒரு விஷயம் எவ்வளவு தடவை வருகிறது என்பதற்கும் உலகத்தில் அது எவ்வளவு தடவை நடக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தை மட்டும் நம்பினால், மனிதர்கள் கண் இமைப்பதைவிட அதிகமாகக் கொலை செய்கிறார்கள் என்று முடிவு வரும். கொலை செய்தியாகும். இமைப்பதை யார் எழுதுவார்கள்? "அவர் நடந்து சென்றபோது இரண்டு கால்களும் உடன் வந்தன" என்று எந்தச் செய்தியாளரும் எழுதவில்லை.

டக்ளஸ் லெனட் 1984இல், அன்றாடப் பொது அறிவைக் கணினிக்குத் தரும் சைக் திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணமே இதுதான். இது தானாகக் கிடைக்காது, உட்கார்ந்து கையால் எழுத வேண்டும் என்றார். பல பத்தாண்டுகள் எழுதினார்கள். அந்தப் பிடிவாதத்தைக் கிண்டல் செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். இடைவெளி இருக்கும் இடத்தை அவர் சரியாகக் காட்டினார் என்பது மட்டும் மறுக்க முடியாதது.

மொழி மாடல்கள் இந்த இடைவெளியைப் பெரிய அளவுக்கு நிரப்பிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். கதைகளிலும் உரையாடல்களிலும் மறைமுகமாக இருப்பதை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. கால் இரண்டு என்று தெரிகிறது. எப்படி என்று விளக்கச் சொன்னால் யாராலும் முழுதாக முடியாது.

ஜூன் 23

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதி இது. மற்றவை பொறியியல், என்றைக்காவது தீரும்.

தொடர்ந்து படிக்கும் எந்திரம் ஒரு செய்தியை நம்ப வைத்திருக்கும் முக்கியமான அளவுகோல், எத்தனை இடங்களில் அது வருகிறது என்பது. இந்த அளவுகோலுக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: அந்த இடங்கள் தனித்தனியாக எழுதப்பட்டவை. இணையத்தில் அது பெரும்பாலும் பொய். ஒருவர் சொன்ன வம்பைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னால் பத்துச் சாட்சி ஆகிவிடாது. என் உலோகத் தொகுப்பில் இதை நேரடியாகப் பார்த்தேன். ஒரே பத்தி வெவ்வேறு பக்கங்களில். வரிக்கு வரி ஒத்ததை நீக்குவது சுலபம். சொல்லை மாற்றி எழுதிய பிரதிகள் தப்பிவிடுகின்றன, அவற்றைத்தான் நிரல் "இன்னொரு சாட்சி" என்று மகிழ்ச்சியோடு எண்ணுகிறது. ஒரு கலைக்களஞ்சியத்தில் ஆதாரமில்லாமல் ஒருவர் சேர்த்த வரியைப் பத்திரிகை எடுத்துப் போடும். பிறகு அந்தப் பத்திரிகையே கலைக்களஞ்சியத்தில் ஆதாரமாக வந்து உட்காரும். இந்த வட்டம் மனிதர்கள் மட்டும் எழுதிய காலத்திலேயே இருந்தது.

இப்போது எழுதுவதே எந்திரங்கள். 2024 ஜூலையில் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு, மாடல் உருவாக்கிய எழுத்தில் அடுத்த மாடலைப் பயிற்றுவித்து, அது எழுதியதில் அதற்கடுத்ததை என்று தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. முதலில் அரிதான விஷயங்கள் காணாமல் போகின்றன. பிறகு எழுத்தே உளறலாகச் சரிகிறது. ஆய்வில் பழைய மனித எழுத்தை ஓரளவு கலந்தபோது சரிவு மெதுவானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், பயமுறுத்துவது நோக்கமில்லை. ஆனாலும் அரிதானவை முதலில் போகும் என்பது சின்ன விஷயமா? எழுத்து குறைவாக உள்ள மொழிகளும் துறைகளும்தான் அந்த அரிதான பகுதி.

நெல் தன் தவறை ஆதாரமாக வைத்துத் தடுமாறியது என்று முன்பு சொன்னேன் அல்லவா, 57 சதவீதம்? அங்கே தவறு ஒரு நிரலின் நினைவுக்குள் சுற்றியது. இங்கே படிக்கும் பொருளுக்குள்ளேயே சுற்றுகிறது.

ஜூன் 23, இரவு

யாரும் "டே" என்ற நிரலைப் பற்றி எழுதவில்லையே. மைக்ரோசாஃப்ட் 2016 மார்ச்சில் ட்விட்டரில் விட்ட உரையாடல் நிரல், பேசுபவர்களிடமிருந்து கற்க வேண்டியது. ஒரு நாள் முடிவதற்குள் வசை கற்றுக்கொண்டு இறக்கப்பட்டது. யாரிடமிருந்தும் கற்கும் எந்திரத்துக்கு யாரும் பாடம் எடுக்கலாம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 26

கேள்வி கேட்டவர்: "சரி, முடிந்த கதை என்பதை வாபஸ் வாங்குகிறேன். முடியாத கதை என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் கொடுத்தால் எதைச் செய்வீர்கள்?"

புத்திசாலித்தனமாக எதுவும் இல்லை. முதலில், ஒவ்வொரு நம்பிக்கைக்கும் பின்னால் அது எங்கிருந்து வந்தது, என்று வந்தது, வேறெந்த நம்பிக்கையை நம்பி வந்தது என்ற மூன்றையும் கட்டாயமாக எழுதுவேன். படிப்பதற்கு இன்றைய மொழி மாடல், எழுதிவைப்பதற்குப் பழைய பாணிப் பேரேடு. அந்தப் பேரேட்டில் உள்ளது மட்டும்தான் "தெரியும்" என்று கணக்கு.

இரண்டாவது, மனிதர். நெல்லை முதல் ஆறு மாதம் ஏறக்குறைய கைவிடாமல், மன்னிக்கவும், கைவைக்காமல் ஓடவிட்டார்கள். வகைகளில் நாலில் ஒரு பங்கு தடம் புரண்டிருந்தது. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வகைக்கும் ஐந்து நிமிடம் போல, கண்ணில் பட்ட அப்பட்டமான தவறுகளை மட்டும் திருத்தினார்கள். அவ்வளவு குறைந்த கவனிப்பிலேயே பாதைக்குத் திரும்பியது. 2018இல் குழு எழுதியபோது 12 கோடி நம்பிக்கைகள், ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்ற அளவோடு. மனிதர் இல்லாமல் கற்க வேண்டும் என்ற வீம்பை விட்டால் இந்த ஐந்து நிமிடம் மலிவான விலை. யாருடைய ஐந்து நிமிடம் என்பதுதான் கேள்வி. உலோகப் பட்டியலை நான் திருத்தலாம். மருந்துகளின் பட்டியலை நான் தொடக்கூடாது.

ஜூன் 27

மூன்றாவதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், நேரமாகிவிட்டது. திரும்பப் பெறுவது.

1998இல் லான்செட் மருத்துவ இதழில் வேக்ஃபீல்ட் குழுவின் கட்டுரை வந்தது, தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி. இதழ் அதை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். நடுவில் 12 ஆண்டுகள். 1998இல் அதைப் படித்த எந்திரம் அதன் மேல் இன்னும் நூறு முடிவுகளைக் கட்டியிருக்கும். 2010இல் "திரும்பப் பெறப்பட்டது" என்ற ஒரு வரியைப் படிக்கும்போது அந்த நூறும் விழ வேண்டும். ஆனால் தனி ஆதாரத்தில் நிற்பவை விழக்கூடாது.

இதைச் செய்யும் வழி புதிதல்ல. 1979இல் ஜான் டாயில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முடிவுக்கும் அதன் காரணங்களைக் கட்டிவைத்தால், ஒரு காரணம் போனதும் எது எது தளர்கிறது என்று நிரலே பின்தொடர்ந்து போகும். பேரேட்டில் இது சில வினாடி வேலை. என் உலோக நிரலில் இப்போது இதைப் போட்டிருக்கிறேன். பதக்கச் செய்திகள் என்ற மூலத்தை நீக்கினால் கோப்பை, பரிசு, தேர்தல் வரிசையாகப் போகின்றன. வெண்கலம் மட்டும் நிற்கிறது, ஏனென்றால் வேறொரு கட்டுரையிலும் அதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

எடைகளுக்குள் இருக்கும் அறிவுக்கு இந்தக் கயிறு இல்லை. ஒரு மூலத்தை நீக்க உறுதியான வழி, அது இல்லாமல் முதலிலிருந்து பயிற்றுவிப்பதுதான். குறுக்கு வழிகளை முயல்கிறார்கள், கற்றதை மறக்கவைப்பது என்று ஒரு தனித் துறையே ஓடுகிறது. மறந்ததா, சொல்லாமல் மறைக்கிறதா என்று சோதிப்பதிலேயே பாதி நேரம் அவர்களுக்குப் போகிறது.

ஜூன் 27, பின்குறிப்பு

நிரலைக் கேட்டவர்களுக்கு: இன்னும் தரும் நிலையில் இல்லை. "ஞாயிறு" இப்போது கோள் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது, ஜோதிடப் பக்கங்களின் உபயம். அந்த மூலத்தை நீக்கினால் கூடவே வியாழனும் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.